தோட்டத்துப் பாதையும் பிரதேச சபையும்



கொழும்பு மாநகரிலே தமிழ் மக்கள் செறிந்து வாழும் பகுதிகள் என்றதும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நினைவுக்கு வரும். இவ்விரு இடங்களிலும் உள்ளூராட்சி என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கேட்போர் மனத்தில் எழும் உருவம் ஒன்றாயிராது. வடபகுதியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய முதியவருக்கு அது தம்முடைய ஊர்க் கிராமச் சங்கத்தை நினைவூட்டும். சங்கத் தலைவர் ஒழுங்கைக்கு மதகு போட்டுக் கொடுத்ததையும், வாசிகசாலைக்குப் பத்திரிகை வாங்கித் தந்ததையும், அடுத்த தேர்தலில் அவருடைய மைத்துனரே அவரை எதிர்த்து நின்றதையும் அவர் சுவைபடச் சொல்லுவார். கொட்டாஞ்சேனையிலே கடைச் சிப்பந்தியாக இருக்கும் மலைநாட்டு இளைஞனிடம் இத்தகைய கதை இராது. அவனுடைய பாட்டனார் வாழ்ந்த லயத்துக்குக் கிராமச் சங்கம் என்று ஒன்று வந்ததே இல்லை.

அந்த இளைஞனைப் போன்றோர் தத்தம் தோட்டப் பகுதியிலே பிரதேச சபைத் தேர்தலுக்கு நிற்க விரும்பினால் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதைக் குறித்தே இன்று பேச எண்ணுகின்றேன். எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. மலைநாட்டிலே சில காலம் ஆசிரியனாகக் கடமையாற்றியவன் நான். அங்கே என்னிடம் கற்ற ஒருவர் இப்போது காலி வீதியிலே ஒரு கடையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் என்னைக் கண்டு, "சேர், எங்கள் வட்டாரத்தில் நான் தேர்தல் கேட்கலாமா? கேட்டு வென்றால் எங்கள் லயத்துக்குப் பாதை போட முடியுமா?" என்று வினவினார். முதல் வினாவுக்குச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். இரண்டாம் வினாவுக்கு விடை கூற வேண்டுமாயின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரத்தைத் தொட வேண்டும்.

கம்சபை என வழங்கிய பழைய கிராம மன்றத்துக்கு ஆங்கிலேய ஆட்சியினர் 1871ஆம் ஆண்டிலே சட்ட உருவம் கொடுத்தனர். நீர்ப்பாசனம், வேலி, கால்நடை ஆகிய கிராமத்துக் காரியங்களைக் கிராமத்தாரே கவனிக்கட்டும் என்பது அதன் கருத்து. தேயிலைத் தோட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை. தோட்டம் துரையின் ஆட்சிக்கு உட்பட்டது. பாதையும் தண்ணீரும் மருந்தும் பள்ளியும் துரை கொடுத்தால் உண்டு, கொடாவிடில் இல்லை. 1930களின் பிற்பகுதியிலே கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை வெளியே நின்ற ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் உள்ளே இடம் கிடைத்தது. தோட்டத்து இந்தியத் தொழிலாளர் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டனர். இது இனப் பாகுபாடு என்று இந்தியாவிலிருந்து கண்டனம் எழுந்ததும், எந்த இனத்தவராயினும் தோட்டத் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று விதியை மாற்றி எழுதினார்கள். பாகுபாட்டை நீக்க இப்படியும் ஒரு வழி உண்டு என்பது அக்காலத்துச் சட்ட வல்லுநர்களுக்கே தோன்றக் கூடிய யோசனை! அந்தக் கசப்பு நிலவிய காலத்திலேதான், 1939 ஜூலை மாதம் நேரு அவர்கள் கொழும்புக்கு வந்திருந்த சமயத்தில், இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று.

பாராளுமன்ற வாக்குரிமை வேறு பாதையில் சென்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் திரு. சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் திரு. கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் திரு. ஜி. ஆர். மோத்தா முதலியோர் தெரிவாயினர். மறு ஆண்டே, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதனை அடுத்து 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்தம் பெயர்கள் நீங்கின. 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்பது அதன் ஏற்பாடு. எஞ்சி நின்றோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையில் கிராமச் சங்கங்களே மறைந்துவிட்டன. 1981இல் அவற்றின் இடத்துக்கு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவையும் நிலைக்கவில்லை. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறி, 1991இல் முதலாவது தேர்தல் நடைபெற்றது. தோட்டத்து மக்கள் இப்போது வாக்களித்தனர், தம்மவரையும் சபைக்கு அனுப்பினர். ஆயினும் அங்கே போய் அமர்ந்த அங்கத்தவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சபைப் பணத்தைக் கிராமத்தில் செலவிடலாம், தோட்டத்துக்குள்ளே செலவிடச் சட்டம் இடந்தரவில்லை என்றனர் அதிகாரிகள். தோட்டம் தனியார் நிருவாகத்திலுள்ள காணி என்பது அவர்கள் கூறிய நியாயம். தேயிலைக் காணிக்கு ஏக்கர் வரி சபைக்கு வரும், அந்தக் காணியில் வாழும் தொழிலாளியின் வாக்கும் வரும், சபையின் மண்வெட்டி மட்டும் தோட்டத்து எல்லையிலே நின்றுவிடும். வாக்கில்லாதிருந்த காலத்துக் குறையைப் பிறரும் எளிதில் விளங்கிக்கொள்வர். வாக்கிருந்தும் அதனாற் பயனில்லாதிருந்த இந்தக் காலத்துக் குறை வெளியே தெரியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைமை இப்படியே இருந்தது.

சபைகளின் எண்ணிக்கையும் ஒரு குறையே. நுவரெலியா மாவட்டத்தில் இருந்த பிரதேச சபைகள் ஐந்து. அவற்றுள் தோட்டங்கள் நிறைந்த அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அத்தனை பேருக்கும் பிரிவுக்கு ஒரே பிரதேச சபை. நீண்ட கோரிக்கையின் பின்னர் அம்பகமுவ பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியா பிரிக்கப்பட்டுக் கொட்டகலை, அக்கரபத்தனை சபைகளும் தோன்றின. ஐந்து ஒன்பதாயிற்று. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தல் அந்த ஒன்பது சபைகளுக்கும் நடைபெற்றது. கொட்டகலையும் மஸ்கெலியாவும் 1947இலேயே பாராளுமன்றத்துக்கு அங்கத்தவரை அனுப்பிய தொகுதிகள். தத்தம் பெயரில் ஓர் உள்ளூர்ச் சபையைக் காண அவை 71 ஆண்டுகள் காத்திருந்தன.

அதே 2018ஆம் ஆண்டில், 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தியது. தோட்ட நிருவாகத்தோடு கலந்து, தோட்டத்தில் வாழ்வோருக்கு வேண்டிய பாதை, கிணறு முதலிய பொது வசதிகளைச் சபை செய்துகொடுக்கலாம் என்பது இத்திருத்தத்தின் சாரம். ஆகவே காலி வீதித் தம்பியின் இரண்டாம் வினாவுக்கு விடை, "முடியும்" என்பதே. எப்படி முடியும் என்பதைப் பின்னர் சொல்லுகின்றேன். இனி அவர் எவ்வாறு தேர்தலில் நிற்பது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, அவர் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது? கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கி, வசதிக்காக அங்கேயே வாக்காளராகப் பதிந்துகொண்டவர் நோர்வூட் சபைக்குப் போட்டியிட இயலாது. எந்தச் சபைக்கு அங்கத்தவராக விரும்புகிறாரோ அந்தச் சபையின் எல்லைக்குள் வாக்காளராக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் இடாப்பு திருத்தப்படுகையில் கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் படிவத்தை யாரோ நிரப்பிவிடுவார்கள் என்று விட்டுவிடுவோர் நம்மவரிற் பலர். தோட்டங்களில் ஒரே லயத்தில் ஒரே பெயருடையோர் இருவர் மூவர் இருப்பர். தந்தை பெயர் மாறுவதும், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் அடையாள அட்டையில் வேறு பெயர் என்று வருவதும் அங்கே சர்வ சாதாரணம். இந்தச் சிறு பிழைகளை நியமனப் பத்திரம் கொடுக்கும் வாரத்தில் திருத்த முடியாது. ஓராண்டுக்கு முன்னரே திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இந்தத் தேர்தலில் ஒருவர் தன்னந்தனியே நிற்க முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை. பாராளுமன்றத் தேர்தலைப் போலவே இங்கும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியாகவோ சுயேச்சைக் குழுவாகவோதான் நிற்க வேண்டும். அந்தக் கட்சியோ குழுவோ சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் வேட்பாளரை நிறுத்த வேண்டும், மேலதிகப் பட்டியல் ஒன்றையும் கொடுக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் நீங்கள் எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும், நீங்கள் கண்டறியாத வட்டாரத்துக்கு வேட்பாளர் கிடையாவிடில் உங்கள் பத்திரமும் செல்லாது. கட்டுப்பணமும் கட்சியை விடச் சுயேச்சைக் குழுவுக்கே அதிகம். அதைப் பட்டியலில் உள்ள தலைகளால் பெருக்கிப் பாருங்கள். பணமில்லாத இளைஞரைப் பெரிய கட்சிகளின் வாசலுக்குத் துரத்துவது இந்த விதிதான் என்பது என் அபிப்பிராயம். வாக்குச் சீட்டிலும் வேட்பாளரின் பெயர் இராது. கட்சியின் பெயரும் சின்னமும், அல்லது சுயேச்சைக் குழுவும் அதன் சின்னமும் மட்டுமே இருக்கும். வீடு வீடாகச் சென்று முகத்தைக் காட்டியவர், வாக்காளர் மனத்தில் முகத்தோடு சின்னத்தையும் பதித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது.

சபையின் ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களுக்கு உரியவை, 40 வீதம் பட்டியலுக்கு உரியவை. வட்டாரத்தில் கூடிய வாக்குப் பெற்றவர் தெரிவாவார். பின்னர் சபை முழுவதிலும் கட்சி பெற்ற மொத்த வாக்குகளைக் கணக்கிட்டு, அதற்குரிய ஆசனங்களில் வட்டாரத்தில் வென்றவற்றைக் கழித்து, மிகுதியைப் பட்டியலிலிருந்து கொடுப்பர். தன் வட்டாரத்தில் தோற்ற வேட்பாளர் பெற்ற வாக்கும் இதனால் வீண்போவதில்லை.

பெண்களுக்குரிய விதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டாரப் பட்டியலில் குறைந்தது 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் குறைந்தது பாதியும் பெண்களாயிருத்தல் வேண்டும். சபையில் 25 வீதம் பெண்கள் அமர வேண்டும் என்பது நோக்கம். 2018க்கு முன்னர் நாடு முழுவதிலும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருந்தனர். அந்தத் தேர்தலோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாயினர். தோட்டத்திலே மலையேறிக் கொழுந்து பறிப்போரும், பீலியிலிருந்து தண்ணீர் சுமப்போரும், மழையில் வழுக்கும் பாதையில் கூடையோடு இறங்குவோரும் பெரும்பாலும் பெண்களே. பாதையையும் தண்ணீரையும் பற்றிப் பேசும் சபைக்கு அவர்களை விடத் தகுந்தவர் யார்? ஆனாற் கட்சிகள் செய்வதென்ன? கடைசி நாள் இரவில் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் மனைவியையோ தங்கையையோ தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்குகின்றன. அவ்வம்மையார் வென்று சபைக்குப் போனால், பேசுவதற்குக் கணவர் வாசலில் நிற்கிறார். இந்த வழக்கத்தை நான் கண்டிக்கிறேன். பட்டியலில் பாதி இடம் சட்டப்படி பெண்களுக்கு உரியது என்பதைத் தோட்டத்து மாதர் சங்கங்கள் முன்கூட்டியே அறிந்து, தங்களுக்குள் தகுந்தவரைத் தெரிந்து, பெயரைத் தாங்களே கொடுக்க வேண்டும்.

இளைஞருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் பல இடங்களில் நியமனப் பத்திரங்கள் நிராகரிக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இதிலேதான் பிறந்தது. இளைஞர் என்பதை நிறுவப் பிறப்புச் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டும். அதன் பிரதி உரிய முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்று சொல்லித் தெரிவத்தாட்சி அலுவலர்கள் பத்திரங்களைத் தள்ளிவிட்டனர். கட்சிகளும் குழுக்களும் நீதிமன்றம் போயின. சில பத்திரங்களை ஏற்குமாறு நீதிமன்றம் பணித்தது. வென்றவர்கள் வென்றார்கள் என்றாலும், பிரசாரத்துக்கு உரிய நாட்கள் சட்டத்தரணியின் வாசலிற் கழிந்துவிட்டன.

செலவு விஷயத்தில் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. வேட்பாளர் செலவிடத்தக்க தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. முடிவு வெளியான 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தோல்வியோடு காரியம் முடிந்தது என்று வீட்டிலிருந்தோர் பலர் பின்னர் விசாரணைக்கு முகங்கொடுக்க நேர்ந்தது.

தேர்தல் உரிய காலத்தில் நடக்குமா என்பதும் வேட்பாளரின் கவலைகளுள் ஒன்று. 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. சபைகளின் காலம் அம்மாதமே முடிந்துவிட்டது. உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் மாதத்தில் தீர்ப்பளித்தது. 2023இல் கொடுத்த பத்திரங்கள் புதிய சட்டம் ஒன்றினால் ரத்தாகி, புதிதாகப் பத்திரங்கள் கோரப்பட்டு, 2025 மே 6ஆம் திகதி 339 உள்ளூராட்சி மன்றங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு லயத்துப் பெண் தன் பாதை உடைந்ததைச் சொல்ல ஓர் அங்கத்தவர் இருக்கவில்லை.

இப்போது, வென்ற பின்னர் நடப்பதைச் சொல்லுகின்றேன். ஒரு கட்சி சபையில் பாதியோ அதற்கு மேலோ பெற்றிருந்தால் தவிசாளரை அதுவே பெயர் குறிக்கும். இல்லையேல் முதற் கூட்டத்தில் உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிவார்கள். சம வாக்கு விழுந்தால் திருவுளச் சீட்டு. இந்த முதற் கூட்டத்துக்கு முந்திய இரவுகளிலே அங்கத்தவர்கள் எங்கே தங்கவைக்கப்படுகிறார்கள் என்பதெல்லாம் பத்திரிகை வாசிப்போருக்குத் தெரியும். நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றுமே பிரதேச சபையின் முதன்மையான பொறுப்புகள். குப்பை, வடிகால், தெரு விளக்கு, சந்தை, மயானம், நூலகம், முன்பள்ளி எல்லாம் இவற்றின் கிளைகள். நாட்சம்பளத்தை உயர்த்தவோ, லயத்துக்குப் பதில் தனி வீடு கட்டவோ, வீட்டுக் காணிக்கு உறுதி எழுதவோ சபைக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு தேர்தலிலும் தோட்டத்து மேடைகளில் முழங்கும் வாக்குறுதிகள் இவையே. பாராளுமன்றத்திலும் கூட்டு ஒப்பந்த மேசையிலும் பேச வேண்டியதை வட்டார மேடையில் பேசி வாக்குப் பெற்றவர், ஓராண்டு கழிந்ததும் லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியாதவராகிறார். பாதையை மட்டும் பேசி வருபவரை மக்கள் சிறியவராக எண்ணக்கூடும். அவருடைய சொல்லையே நான்கு ஆண்டுகளின் பின் அளந்து பார்க்க இயலும்.

அந்தப் பாதையைப் பெறும் விதம் இதுதான். தோட்டத்துப் பாதைகளிற் பெரும்பாலானவை ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்தை ஆலைக்கு ஏற்றத் துரைமார் வெட்டியவை. சபையின் பாதை இடாப்பில் அவை இல்லை. காணி அரசாங்கக் கூட்டுத்தாபனத்துக்கு உரியது, குத்தகை தோட்டக் கம்பனிக்கு உரியது, நடப்பவர் தொழிலாளர். ஆகவே புதிய அங்கத்தவர் முதல் மாதத்திலேயே தம் வட்டாரத்துப் பாதைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் எவ்வளவு, எத்தனை குடும்பங்கள் பயன்படுத்துகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் தோட்ட முகாமையாளரின் சம்மதத்தை எழுத்திலே பெற வேண்டும். வாய்ச் சம்மதம் முகாமையாளர் மாற்றலாகிப் போகும்போது கூடவே போய்விடும். அதன்பின் பிரேரணையைச் சபையில் முன்வைத்து நிறைவேற்றி, நில அளவையும் அறிவித்தலும் முடித்து, பாதையைச் சபைக்கு உரியதாகப் பதியச் செய்ய வேண்டும். பதிந்த பாதைக்கே ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கக் கேட்கலாம். அந்தத் திட்டம் ஆண்டின் பிற்பகுதியில் தயாராகிறது. ஜூன் மாதத்தில் பதவியேற்று, மார்கழியில் விழித்தெழுந்து, "என் வட்டாரத்துக்கு ஒன்றுமில்லையா?" என்று கேட்பவருக்கு அடுத்த ஆண்டு வரையில் விடை கிடையாது.

மேற்சொன்ன தம்பிக்கு இவ்வளவையும் சொன்னபோது அவர், "இதற்கெல்லாம் படிப்பு வேண்டுமா, சேர்?" என்றார். சட்டம் படிப்பைக் கேட்கவில்லை. ஆனால் பிரேரணை எழுதவும், கணக்கறிக்கையை வாசித்து எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் செலவாகாமல் திரும்பியது என்று கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சபையின் பத்திரங்கள் பல இடங்களிற் சிங்களத்திலே வருகின்றன. தமிழிற் பிரதி கேட்பதற்கு அங்கத்தவருக்கு உரிமை உண்டு. கேட்டுப் பெறும் வரையில் வாசித்து விளங்கும் அளவுக்குச் சிங்களம் தெரிந்திருப்பது நன்மையே. கொழும்பிலே கடையில் நின்று இரு மொழியிலும் வியாபாரம் பேசிப் பழகிய மலைநாட்டு இளைஞர்கள் இதிலே பலரை விட முன்னே நிற்கிறார்கள். அவர்களுடைய முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. வாக்களிப்பு நாளில் தூரத்துக்கு ஏற்பச் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்பது உங்கள் கடமை. புறக்கோட்டையிலிருந்து ஹட்டனுக்குப் புறப்படும் இரவு பஸ்ஸிலே அன்று இடம் கிடைப்பது அரிது. ஆதலால் முதல் நாள் மாலையிலேயே அவர்களை அனுப்பிவிடுங்கள்.